குடைக்காரி என் கடை முன் நிற்கிறாள்

மார்ச் 4, சனி

துணி காயவைக்கும் மூன்றாம் நம்பர் டிரையர் மறுபடி கீச்சிடுகிறது. பெல்ட் தேய்ந்திருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "நாளைக்கு" என்பான். அவனுடைய நாளை எந்தக் காலண்டரிலும் இல்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கூட்டம் வந்தது. ஊர் சுற்றிப் பார்க்கும் கூட்டம். ஓர் இளம்பெண் மஞ்சள் குடையை மூடியபடியே உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். பின்னால் பதினைந்து இருபது பேர். பல நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து கிடக்கும் பேட்டை இது. ரொட்டிக்கடை ஒரு நாட்டுக்காரருடையது, மீன்கடை இன்னொரு நாட்டுக்காரருடையது, முடிவெட்டுகிறவர் வேறொரு நாடு. நாங்கள் அன்றாடம் சலித்துக்கொள்ளும் இந்தத் தெருவைக் காசு கொடுத்துப் பார்க்க வருகிறார்கள். வரட்டும். இத்தனை மாதமாக ரொட்டிக்கடை முன் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். சலவைக்கடையில் பார்க்க என்ன இருக்கிறது?

இன்று நின்றார்கள். என் கடைக்கு நேராக.

குடைக்காரி ஏதோ சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றாகத் திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தார்கள். மறுபடி என்னை. பந்து போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்புவார்களே, அப்படி. வயதான ஓர் அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

சலவைக்கடையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தவர்களை நான் கண்டதில்லை. பில்லைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அது வேறு.

எதிர்க்கடை செருப்பு, பை ரிப்பேர் செய்யும் கடை. ஓரத்தில் சாவி வெட்டும் மெஷினும் உண்டு. அதன் முதலாளி என்னோடு பிறந்தவன், எனக்கு மூத்தவன். நாங்கள் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்த நோட்டில் அவனை 'எதிர்க்கடை' என்றுதான் எழுதி வருகிறேன். அப்படியே எழுதுவேன்.

குடைக்காரிக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 5, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். "பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க. தேஞ்சா போயிருவீங்க?" என்றாள்.

சொல்லும்போது பாத்திரம் தேய்க்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே தேய்க்க ஒரு டம்ளர்தான் இருந்தது.

மார்ச் 8, புதன்

புதன்கிழமை மதியம் மனைவிக்கு முட்டிவலிக்குப் பயிற்சி. யாரோ சொல்லிக்கொடுக்கிறார்களாம், போய்விட்டு வருவாள். வழக்கம்போல் நான் தனியாகக் கடையில்.

பக்கத்து முடிவெட்டுகிறவர் வந்து உட்கார்ந்தார். ஆள் இல்லாத நேரத்தில் என் பெஞ்சில்தான் அவருக்கு ஓய்வு. நம் பாஷையில் அவருக்கு நாலு வார்த்தை தெரியும். அதில் மூன்றை வெளியில் சொல்ல முடியாது. மற்றப் பேச்செல்லாம் இந்த ஊர் மொழியில்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டடத்தை இடிக்கப் போறாங்க போல. அதான் கடைசியா ஒரு தடவை காட்டறாங்க" என்றார்.

"அப்ப உன் கடையும் சேர்ந்துதான்யா இடியும். ஒரே கட்டடம்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது இல்ல."

இவர் எதையாவது உளறியிருப்பாரோ? கத்தரிக்கோல் ஆடும் வேகத்துக்கு வாயும் ஆடுகிற மனிதர். ஆனால் அவருக்கு எங்கள் சண்டையின் விவரம் தெரியாது. நான் சொன்னதே இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால்?

மார்ச் 11, சனி

இன்று தயாராக இருந்தேன். கூட்டம் முனையில் திரும்பியதும் துணியும் வாளியுமாக வெளியே வந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். காலையில்தான் துடைத்திருந்தேன். பரவாயில்லை.

குடைக்காரி என்னைப் பார்த்ததும் கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள். குரலையும் தாழ்த்தினாள்!

நியாயமான விஷயம் பேசுகிறவள் குரலை ஏன் தாழ்த்த வேண்டும்?

இந்த ஊர் மொழி எனக்குக் கடைக்குத் தேவையான அளவுக்கு நன்றாகவே வரும். கிசுகிசுத்தால் பிடிபடாது. ஆனாலும் ஒரு வார்த்தை காதில் விழுந்தது. 'பன்னிரண்டு.'

பன்னிரண்டு வருடம். வேறென்ன?

கண்ணாடியில் அவர்கள் உருவம் தெரிந்தது. அத்தனை தலையும் எதிர்க்கடைப் பக்கம் திரும்பின. அங்கே அவன் குனிந்து ஏதோ செருப்பின் அடிப்பாகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. ஒன்றும் தெரியாத மாதிரி.

மார்ச் 12, ஞாயிறு

தூக்கம் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் சண்டைக் கதை யாருக்கெல்லாம் தெரியும்? எனக்கு, அவனுக்கு, என் மனைவிக்கு, அண்ணிக்கு. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அரையும் குறையுமாகத் தெரிந்திருக்கும். அவன் மகன் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். அவ்வளவுதான்.

அந்த வருடம் எனக்கு வயிற்றில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவன் ஒரு நாள் வந்து, "அவசரமா சாமான் வாங்க வெளியூர் போறேன், வர ஒரு வாரம் ஆகும்" என்றான். "அம்மா எப்படி இருக்கா, போன் பண்ணினியா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கா" என்றான். நான் நம்பினேன். அப்போதெல்லாம் நான் நம்புகிற ஆள்.

அவன் போனது சொந்த ஊருக்கு, அம்மாவிடம். அம்மா சாகக் கிடந்திருக்கிறாள். இருந்து பார்த்து, அனுப்பிவைத்து, எல்லாக் காரியமும் முடித்துத் திரும்பி வந்து, நான் வீட்டுக்கு வந்த பிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான். நான் வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் அம்மா போயிருக்கிறாள். வார்டு முழுக்க நர்சுகளிடம் எங்கம்மா சமையலைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்த வீட்டாருக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. எல்லோரும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு விட்டதுதான் பேச்சு.

அதற்கப்புறம் யார் சிரித்தாலும் என்னத்தை மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

மார்ச் 15, புதன்

மகள் மருந்துக்கடை வேலை முடிந்து இந்தப் பக்கம் வந்தாள். "சனிக்கிழமை அந்தக் கூட்டத்தோட போய் அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு கேட்டுட்டு வாம்மா" என்றேன்.

"சனிக்கிழமை எனக்கு வேலை இருக்குப்பா."

"எந்தச் சனிக்கிழமைன்னு நான் இன்னும் சொல்லலையே."

"எல்லாச் சனிக்கிழமையும்."

கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. மடித்து வைத்த துண்டுகளையே மறுபடி மடித்தாள். போகும்போது, "எல்லாத்தையும் ஏம்பா தோண்டறீங்க?" என்றாள்.

தோண்டினால்தானே புதைத்தது கிடைக்கும்?

மார்ச் 18, சனி

குடைக்காரியையே பிடித்துக் கேட்டுவிட்டேன். கூட்டம் கலைந்து ரொட்டிக்கடைக்குள் போன நேரம். வெளியே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் என் மகள் வயதுதான் இருக்கும். தொண்டை கட்டியிருந்தது.

"என் கடை முன்னாடி நின்னு என்னம்மா சொல்றே?"

திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். திடுக்கிடவில்லை. "நீங்களும் ஒரு நாள் எங்களோட நடந்து வாங்க சார், தெரியும்" என்றாள்.

"யாரைக் கேட்டு என்னைப் பத்திப் பேசறே?"

"ஒரு குடும்பத்துக் கதையை அந்தக் குடும்பத்துல கேக்காம நான் சொல்ல மாட்டேன் சார். அனுமதி வாங்கித்தான் சொல்றேன்."

"யார்கிட்ட?"

"கொடுத்தவங்ககிட்ட" என்றாள். சிரித்தாள். குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அனுமதி! என் பெயரில் எனக்குத் தெரியாமல் அனுமதி கொடுத்தது யார்? குடும்பத்து ஆள் என்கிறாள். மகளா? அவளுக்கு அவ்வளவு விவரம் போதாது. அப்படியானால்—

எழுதக் கை வரவில்லை. ஆனால் டம்ளரைத் தேய்த்த அந்த முதுகுதான் நினைவுக்கு வருகிறது.

மார்ச் 22, புதன்

செய்யக்கூடாத காரியம் செய்தேன். மனைவியின் பின்னால் போனேன்.

கடையில் 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' பலகையை மாட்டிவிட்டு, தெருவின் எதிர்வரிசையில் மறைந்து மறைந்து நடந்தேன். முட்டிவலிக்காரி மாதிரியா நடந்தாள்? நான்தான் மூச்சு வாங்கினேன். பெரிய சாலைப் பக்கம் திரும்பவில்லை. மீன்கடையை ஒட்டிய சந்துக்குள் புகுந்தாள். எதிர்க்கடைக்காரன் குடியிருக்கும் கட்டடத்தின் பின்வாசல் அங்கேதான். நான் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். ஐம்பத்தாறு வயசுல, மீன்கடைக் குப்பைக்குப் பின்னாடி, சொந்தப் பெண்டாட்டியை வேவு பாத்துக்கிட்டு.

அவள் கதவைத் தட்டவில்லை. பையிலிருந்து சாவி எடுத்தாள். திறந்துகொண்டு உள்ளே போனாள்.

சாவி.

மாடி ஜன்னல் திறந்திருந்தது. அண்ணியின் சிரிப்பு கேட்டது. கூடவே இவள் சிரிப்பும். எங்கள் வீட்டில் நான் கேட்டு நாளான சிரிப்பு.

திரும்பி வந்து எதை எதில் போட்டேனென்று தெரியவில்லை. ஓட்டலிலிருந்து வந்த வெள்ளைக் கைத்துண்டுகள் ஒரு மெஷின் நிறைய இளஞ்சிவப்பாகிவிட்டன. யாருடைய சிவப்புச் சட்டையோ உள்ளே புகுந்திருக்கிறது. இத்தனை வருடத் தொழிலில் முதல் தடவை.

மார்ச் 23, வியாழன்

"முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பரவால்லங்க" என்றாள்.



மார்ச் 25, சனி

டிரையர் பெல்ட் வாங்கப் போகிறேன் என்று மனைவியைக் கடையில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சளி பிடித்தவன் போல முகக்கவசம். ரயில் நிலைய வாசலில் குடைக்காரி நின்றிருந்தாள். காசைக் கொடுத்தேன். என்னை ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்தாள். "வாங்க சார்" என்றாள். அவ்வளவுதான்.

நான் நாள்தோறும் நடக்கிற தெருதான். இருந்தாலும் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் சொன்னாள். ரொட்டிக்கடைக்காரர் அவர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராம். இருபது வருடமாக அவர் வேட்டித்துணி மாதிரி இருக்கும் மேலங்கியை வெளுக்கிறேன், எனக்குத் தெரியாது. மீன்கடை மாடியில் மூன்று மதத்துக்காரர்கள் கிழமை மாற்றி ஒரே அறையில் தொழுகிறார்களாம். தெரியாது. முடிவெட்டுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு: வாசலுக்கு வந்து அவர் அப்பாவின் சவரக்கத்தியைக் காட்டுகிறார். காட்டிக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்கு எந்த ஊரு?" என்றார் சத்தமாக. கண்ணைச் சிமிட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். என் முடியை இத்தனை வருடம் வெட்டியவரிடம் தொப்பி எங்கே செல்லும்?

பிறகு என் கடை.

வெளியிலிருந்து நின்று அதைப் பார்த்ததே இல்லை. பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து மங்கியிருக்கிறது. உள்ளே மனைவி சட்டைகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். சின்ன உருவமாகத் தெரிந்தாள்.

குடைக்காரி சொன்னாள்: "இந்தப் பக்கம் சலவைக்கடை. அந்தப் பக்கம் செருப்புக்கடை. ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அண்ணன்தான் முதல்ல இங்க வந்தார். தம்பியைக் கூப்பிட்டுக்கிட்டார். எதிரெதிரா கடை பிடிச்சாங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே வேலை செய்யலாம்னு. பன்னிரண்டு வருஷமா பேசிக்கறதில்ல. ஏன்னு நான் சொல்ல மாட்டேன், அது அவங்க விஷயம். ஆனா சாயங்காலம் தம்பி விளக்கையெல்லாம் அணைச்சிட்டு உடனே போக மாட்டார். கண்ணாடிக்குப் பின்னாடி இருட்டுல நிப்பார். எதிர்க்கடை விளக்கு அணைஞ்சப்புறம்தான் ஷட்டரை இறக்குவார். தினமும்."

 அது எனக்கு மட்டும் தெரிந்தது. யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

அவள் முடிக்கவில்லை. "அடுத்த மாசக் கடைசியில செருப்புக்கடையை மூடறாங்க. அண்ணன் அவர் மகன்கூடப் போய் இருக்கப் போறார், ரொம்ப தூரம். அதனால இந்தக் கதையைக் கேக்குற கடைசி ஆளுங்கள்ல நீங்களும் இருக்கீங்க."

என் பக்கத்தில் நின்ற ஒரு தாடிக்காரர் கையை உயர்த்தினார். "தம்பிக்குத் தெரியுமா?"

குடைக்காரி என் கறுப்புக் கண்ணாடியை நேராகப் பார்த்தாள். "இதுவரைக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன்" என்றாள்.

சுற்றிலும் "ச்ச்ச்" என்றார்கள். தாடிக்காரர் என்னிடம் குனிந்து, "பாவம் இல்ல?" என்றார். நான் தலையாட்டினேன்.

அண்ணன் போகிறான்.

மார்ச் 26, ஞாயிறு

நேற்று முழுக்க வாய் திறக்கவில்லை. இன்று காலை கேட்டேன்.

"எதிர்க்கடையை மூடறாங்களா?"

தோசைக்கரண்டி நின்றது. "யார் சொன்னா?"

"தெருவுல போற இருபது பேருக்குத் தெரியும். தாடி வெச்சவன் ஒருத்தன் எனக்காகப் பாவப்பட்டான். எனக்குத் தெரியாது! மறுபடியும் எனக்கு மட்டும் தெரியாது!"

மகள் அறையிலிருந்து வந்தாள். "அம்மாவைத் திட்டாதீங்கப்பா. பெரியப்பாதான் சொல்ல வேண்டாம்னார்."

"உனக்கும் தெரியும்."



"அப்ப முட்டிவலி?" என்று மனைவியைக் கேட்டேன்.

"முட்டி வலிக்கத்தான் செய்யுது" என்றாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். "ஆமா, போறேன். இவ்வளவு வருஷமும் போனேன். உங்க சண்டை உங்களோட. நான் எதுக்குங்க அதைச் சுமக்கணும்? இந்த ஊருக்கு வந்தப்ப வாய்விட்டுப் பேச எனக்கு அக்கா ஒருத்திதான் இருந்தாங்க. அவங்களையும் விட்டுட்டு யார்கிட்டப் பேசறது? உங்க மெஷின்கிட்டயா?"

"சாவி?"

"உங்க அண்ணன் வெட்டிக் கொடுத்தார். நீங்க பேச்சை நிறுத்தின மறுவாரம். 'கதவைத் தட்டிக்கிட்டு நிக்காதே, யாராவது பார்த்தா அவன்கிட்டச் சொல்லிருவாங்க'ன்னு."

"என்னைப் பத்தி அந்தக் குடைக்காரிகிட்டச் சொன்னதும் நீதானே? விளக்கணைச்சிட்டு நிக்கிறதை உன்னைத் தவிர யாரு பார்த்தா?"

"எந்த விளக்கு?"

சொன்னேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நான்தான் சமைக்கணும்னு முன்னாடியே வந்துருவேனே" என்றாள் மெதுவாக. "தினமுமா நிக்கிறீங்க?"

தோசை கருகியது. யாரும் அதை எடுக்கவில்லை.

மார்ச் 27, திங்கள்

மனைவிக்குத் தெரியாது. மகள் அந்த நேரத்தில் கடைப்பக்கம் வருவதில்லை. முடிவெட்டுகிறவர் எனக்கு முன்பே மூடிவிடுவார். தெருவில் போகிறவன் ஒரு நாள் பார்த்திருக்கலாம். தினமும் பார்க்க வேண்டுமென்றால் தினமும் அங்கே நிற்க வேண்டும். எதிரில். விளக்கை அணைக்காமல், நான் நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டு.

இத்தனை நாளும் யாரை யார் காக்கவைத்தோம்?

மார்ச் 30, வியாழன்

போனேன்.

வெறுங்கையோடு போகத் தெரியவில்லை. பழைய கறுப்புச் செருப்பு ஒன்றைத் தேடி எடுத்து, வாரைக் கொஞ்சம் நானே பிய்த்து, தாளில் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்தேன். முடிவெட்டுகிறவர் கையில் கத்தரிக்கோலோடு வாசலுக்கே வந்து நின்று பார்த்தார். உள்ளே பாதி வெட்டிய தலை ஒன்று காத்திருந்தது.

அண்ணன் நிமிரவில்லை. செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தான். வாரைத் தடவினான்.

"இது தானா அறுந்ததில்ல" என்றான்.

"பழசு."

"பிய்ச்சிருக்கு. என்னைக்கு வேணும்?"

"நீ போறதுக்கு முன்னாடி."

அப்போதுதான் நிமிர்ந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கையில் இவ்வளவு தெரியவில்லை.

"உட்காரு" என்றான்.

செருப்பு மாற்றுகிறவர்கள் உட்காரும் முக்காலி. உட்கார்ந்தேன். அவன் ஊசியில் நூல் கோத்தான்.

"அம்மா விஷயத்தை ஏன் மறைச்சே?" என்றேன். வேறெதிலும் ஆரம்பிக்க வரவில்லை.

"சொல்லியிருந்தா தையலைப் பிச்சுக்கிட்டுக் கிளம்பியிருப்பே."

"கிளம்பியிருப்பேன்."

"அதான்."

"அது நான் முடிவு பண்ண வேண்டியது."

"இன்னிக்கும் அதையேதான் செய்வேன்" என்றான்.

"இன்னிக்கும் அதையேதானே செஞ்சிருக்கே! கடையை மூடறே, ஊரை விட்டுப் போறே, என் வீட்டு வாயையெல்லாம் அடைச்சு வெச்சிருக்கே!"

குரல் ஏறிவிட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் ஊசியை வைத்தான்.

"இல்ல. இந்தத் தடவை வேற. அந்தப் பொண்ணு இங்க ஏதாவது கதை இருக்கான்னு கேட்டா. சொன்னேன். உன் கடைக்கு நேரா நின்னு சொல்லுன்னு சொன்னதும் நான்தான். வீட்ல சொல்லி நீ வந்தா, அவங்க தள்ளிவிட்டு வந்த மாதிரி இருக்கும். உன் குணம் எனக்குத் தெரியும். ரெண்டு வாரம் உன் கடை முன்னாடி நின்னு பார்த்தாங்கன்னா மூணாவது வாரம் நீயே மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்துருவே."

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை.

"நாலாவது வாரம்தான் போனேன்" என்றேன்.

"தெரியும். தொப்பி போட்டிருந்தே."

அப்புறம்தான் அதைக் கேட்டேன். கேட்காமலே வைத்திருந்ததை. அம்மா கடைசியில் என்ன சொன்னாள்?

அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டான். "கண்ணு சரியாத் தெரியல. என்னை நீன்னு நினைச்சுக்கிட்டா. உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா, கடைசி ரெண்டு நாளும். பெரியவன் எங்கேடா, வரலையான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"அவனுக்கு உடம்பு சரியில்லம்மா, ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொன்னேன். நீயா இருந்தேன். இல்லேன்னு சொல்ல மனசு வரல."

அவனை அவள் கேட்டிருக்கிறாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரவில்லை என்றிருக்கிறான். அவனும்தான் அவனாக அம்மாவைப் பார்க்கவில்லை. இந்தப் பன்னிரண்டு வருடமும் நான் ஒருத்தன்தான் பார்க்கவில்லை என்று இருந்தேன்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க பேசவிட்டே?"

செருப்பை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.  கிளம்பும்போது, "இந்தா, அடுத்த வாட்டி நல்லதைப் பிய்க்காதே" என்றான்.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஓட்டல்காரர் இளஞ்சிவப்புத் துண்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று தரம் வெளுத்தும் போகவில்லை. வேறு வாங்கித் தரவேண்டும்.

அண்ணியும் இவளும் இப்போது முன்வாசல் வழியாகப் போய் வருகிறார்கள். இன்னும் கிசுகிசுத்துத்தான் பேசுகிறார்கள். பழக்கம் விடவில்லையாம். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "உங்களைப் பத்தி இல்ல" என்றாள் இவள். நம்பினேன். முக்கால்வாசி.

ஏப்ரல் 22, சனி

சாமான் கட்டுகிறோம். சண்டையும் போடுகிறோம். சாவி மெஷினை வந்த விலைக்குத் தள்ளப் பார்க்கிறான். நான் கூடாது என்கிறேன். பசை டப்பாவை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் மகன் வீட்டில் என்ன செய்வானோ. சொன்னால் கேட்பதில்லை. சின்ன வயதிலும் இப்படித்தான்.

குடைக்காரி கூட்டத்தோடு வந்தாள். நாங்கள் இருவரும் ஒரே பெட்டியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் முதலில் திரும்புவது என்று கத்திக்கொண்டிருந்தோம். நின்று பார்த்தாள். ஒன்றுமே சொல்லாமல் கூட்டத்தை ரொட்டிக்கடைக்கு நடத்திப் போய்விட்டாள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

அண்ணனையும் அண்ணியையும் அனுப்பிவிட்டு வந்தேன். ரயில் கிளம்பும்வரை அவன் பேசியது முழுக்க என் டிரையர் பெல்ட்டைப் பற்றி.

ஜூலை 15, சனி

எதிரில் புதிதாகக் கடை போட்டிருக்கிறவன் செல்போன் கவர் விற்கிறான். காலையிலிருந்து ஓர் ஆள்கூட உள்ளே போகவில்லை, ஆனால் பெட்டி பெட்டியாக ஏதோ வந்து இறங்குகிறது. பார்வையும் சரியில்லை. முடிவெட்டுகிறவரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மதியத்துக்கு முன் அண்ணன் போன் செய்தான். வாரத்தில் நாலு தடவையாவது செய்கிறான். மருமகளும் அண்ணியும் ஊரில் இல்லையாம், துணி துவைக்கக் கிளம்பியிருக்கிறான். மெஷினிலிருந்து நுரை பொங்கித் தரையெல்லாம் வழிகிறதாம். "எவ்வளவு சோப்புத்தூள் போட்டே?" என்றேன். "இருந்ததைப் போட்டேன்" என்றான். மூடியைத் திறக்காதே என்று சொல்லச் சொல்லத் திறந்துவிட்டான். கடை வாசலுக்கே வந்து நின்று, அந்தப் பட்டனை அமுக்கு, அது இல்லை, கீழே இருக்கிறது, உனக்குக் கண்ணு எங்கே இருக்கு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

குடைக்காரியும் கூட்டமும் எப்போது வந்து நின்றார்களோ தெரியாது. என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னாளோ. நான் அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "தண்ணி இறங்குதா, சொல்லு?" என்று கேட்டேன்.